கட்டுச்சோற்றுக் கணக்கு

எங்கள் வீட்டு இரும்பு பீரோவின் மேல்தட்டில் 80 பக்க நோட்டு ஒன்று இருக்கிறது. கூட்டுறவுச் சங்கத்தில் 31 வருஷம் கணக்கு எழுதியவள் நான். எதையும் கட்டம் போட்டு எழுதினால்தான் மனசு சமாதானமாகும். அந்த நோட்டில் ஏழு கட்டங்கள். புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், கிலோமீட்டர், புறப்படும்போது பேட்டரி எத்தனை சதவீதம், சேரும்போது எத்தனை, வெயிலா மழையா காற்றா, கடைசியில் குறிப்பு. 2022-ல் மின்சார கார் வாங்கிய பிறகு ஊருக்குப் போய்வந்த ஒவ்வொரு பயணமும் அதில் இருக்கிறது.

ஊர் என்பது கடையநல்லூர்ப் பக்கம் ஒரு கிராமம். 78 வயது அம்மா அங்கே இருக்கிறாள். குரோம்பேட்டையில் எங்கள் வாசலில் கிளம்பி அம்மா வீட்டு வாசலில் போய் நிற்க ஏறத்தாழ 590 கிலோமீட்டர். பெட்ரோல் கார் இருந்தவரை அந்தத் தூரத்தை நான் எண்ணிப் பார்த்ததில்லை. இப்போது வழியில் உள்ள ஒவ்வொரு ஊருக்கும் பக்கத்தில் ஒரு சதவீதக் கணக்கு எனக்கு மனப்பாடம்.

"நடுவழியில நின்னுட்டா என்ன செய்வீங்க?" கார் வாங்கிய நாள் முதல் அக்கம்பக்கத்தாரும் சொந்தக்காரர்களும் கேட்பது இதைத்தான். நியாயமான கேள்வி. பெட்ரோல் பங்க் பத்து நிமிஷத்துக்கு ஒன்று கண்ணில் படும். சார்ஜர் அப்படியில்லை, நாலுவழிச் சாலையை விட்டு இறங்கிவிட்டால் அதுவும் அரிதாகிவிடுகிறது. ஆனாலும் போகலாம், நிம்மதியாகப் போகலாம். எப்படி என்பதை இந்த நோட்டு எனக்குச் சொல்லிக்கொடுத்தது. அதை மற்றவர்களுக்கும் சொல்ல ஆசைப்படுகிறேன்.

யூனிட்டுக்கு எத்தனை கிலோமீட்டர்?

முதலில் காரை நம் கரண்டு பில் கணக்குக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். பேட்டரியின் கொள்ளளவைக் கிலோவாட் மணி என்று எழுதுவார்கள். ஒரு கிலோவாட் மணி என்பது வீட்டு மீட்டரில் ஓடுகிற ஒரு யூனிட்தான். எங்கள் கார் பேட்டரி 40.5 யூனிட் பிடிக்கும். காகிதத்தில் அதற்கு 437 கிலோமீட்டர். எந்தக் கம்பெனிக் காராக இருந்தாலும் காகிதத்தில் உள்ள எண் ஒரு பரிசோதனை எண். எல்லாக் கார்களையும் ஒரே அளவுகோலில் ஒப்பிடுவதற்காக, வகுத்துவைத்த வேகங்களில் ஓட்டி எடுப்பது. நாலு பேர், டிக்கி நிறையச் சாமான், ஓயாத ஏசி, நெடுஞ்சாலை வேகம் என்று வரும்போது நமக்கு நம் சொந்த எண் வேண்டும்.

என் எண் இது: 80, 85 வேகத்தில் போனால் யூனிட்டுக்கு 6.4 கிலோமீட்டர். முழு பேட்டரிக்கு ஏறத்தாழ 260. அதே சாலையில் 100-ல் போனால் யூனிட்டுக்கு 5.3, முழு பேட்டரிக்கு 215. இந்த வித்தியாசத்துக்குப் பெரிய காரணம் காற்று. வேகம் ஒன்றே கால் மடங்கு ஏறினால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கும் மேல் ஏறுகிறது. பெட்ரோல் காருக்கும் இதே விதிதான். அங்கே நாம் கவனிப்பதில்லை.

திருச்சியிலிருந்து மதுரை 135 கிலோமீட்டர். 80-க்குப் பதில் 100-ல் போனால் 20 நிமிஷம் மிச்சமாகும். ஆனால் கூடுதலாக நாலு யூனிட்டுக்கு மேல் செலவு. அதைத் திரும்ப ஏற்ற 10 நிமிஷம் போய்விடும். நிகர லாபம் 10 நிமிஷம். அதற்காகப் பேட்டரியின் கையிருப்பில் 11 சதவீதத்தைக் கொடுக்க வேண்டும். அடுத்த சார்ஜர் நிச்சயம் என்றால் கொடுக்கலாம். நிச்சயமில்லாத வழியில் நான் கொடுப்பதில்லை.

காற்று என்றதும் இன்னொன்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எங்கள் ஊர்ப்பக்கம் அது வெறும் பழமொழி அல்ல. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று புகுந்து வரும். காற்றாலைகளை அங்கே நட்டிருப்பதே அதனால்தான். எதிர்காற்று 20 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தால், 80-ல் போகிற காருக்கு 100-ல் போகிற எதிர்ப்பு. 2023 ஆடியில் நாங்கள் போனபோது யூனிட்டுக்கு 5.6 தான் கிடைத்தது. உங்கள் காரின் எண்ணை யாரும் சொல்லித் தர முடியாது. அரை நாள் தூரத்தில் உள்ள ஊருக்கு இரண்டு முறை போய்வந்து, எழுதிப் பார்த்து, நீங்களே கண்டுபிடியுங்கள்.

எண்பதோடு எழுந்துவிடு

வீட்டில் நாம் குத்தும் 15 ஆம்ப் பிளக் மணிக்கு ஏறத்தாழ 3 யூனிட் கொடுக்கும். ராத்திரி முழுக்கப் போட்டுவைத்துக் காலையில் எடுப்பதற்கு அது போதும். சாலையோரம் இருக்கும் வேக சார்ஜர்களில் 25, 30, 50, 60 கிலோவாட் என்று எழுதியிருக்கும். 30 என்றால் மணிக்கு ஏறத்தாழ 30 யூனிட் என்று பொருள். ஆனால் அதைக் கார் வாங்கிக்கொள்ள வேண்டுமே! ஒவ்வொரு காருக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. அதற்கு மேல் எத்தனை பெரிய இயந்திரத்தில் மாட்டினாலும் பயனில்லை. ஒரே இயந்திரத்தில் இரண்டு கன் இருந்து, பக்கத்தில் இன்னொரு கார் வந்து மாட்டினால், பல இயந்திரங்களில் 60 என்பது இரண்டு 30 ஆகிவிடும்.

பேட்டரி நிறைய நிறைய உள்ளே போகும் வேகம் குறையும். குடத்தின் கழுத்துக்குத் தண்ணீர் வந்ததும் குழாயைச் சிறிதாக்கிப் பிடிப்பதுபோல, 80 சதவீதத்தைத் தாண்டியதும் காரே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்கிறது. பேட்டரி கெடாமல் இருக்க அது அவசியம். அதனால் 30-லிருந்து 80-க்கு ஏற ஆகும் நேரத்தைப் பார்த்துவிட்டு, மிச்சம் 20-ம் அதே வேகத்தில் ஏறும் என்று காத்திருக்கக் கூடாது. இரண்டு முறை நின்று பாதிப் பாதியாக ஏற்றுவதுதான் ஒரே இடத்தில் முழுக்க ஏற்றுவதைவிட விரைவு. நமக்குப் பின்னால் காத்திருக்கிறவருக்கும் அதுவே மரியாதை. காரை விட்டுச் சாப்பிடப் போனால் என் செல் நம்பரை எழுதிக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துவிட்டுத்தான் போவேன்.

என் வழித்திட்டம்

காலை 4 மணிக்கு 100 சதவீதத்தோடு கிளம்புவோம். உளுந்தூர்பேட்டை ஏறத்தாழ 180 கிலோமீட்டர். 28 யூனிட் போகும், 30 சதவீதம் மிஞ்சும். ஆறரை மணி, இட்லி வேளை. முக்கால் மணி நேரத்தில் 80 ஆகிவிடும். அடுத்து 130 கிலோமீட்டரில் திருச்சி, மறுபடி 30. அங்கே 85 வரை. மதுரைக்குப் பகல் 12 மணிக்கு முன்னால் சேரும்போது 33. மதியச் சாப்பாடு அங்கேதான். திருச்சியில் கொஞ்சம் தளர்த்தும் எண்பது விதியை மதுரையில் நன்றாகவே மீறுவேன். ஒன்றேகால் மணி நேரம் ஆனாலும் 95 வரை ஏற்றிக்கொள்வேன். திருமங்கலம், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாக இன்னும் 145 கிலோமீட்டர். அந்தச் சாலையில் நான் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடிய இடங்கள் குறைவு. சாயங்காலம் நாலே கால் மணிக்கு அம்மா வீடு. பெட்ரோல் காரில் 10 மணி நேரம், இதில் 12. வழியில் சார்ஜ் ஏற்ற 1,300 ரூபாய் போல ஆகும். பழைய காரில் பெட்ரோலுக்கு அதைப்போல மூன்று மடங்கு ஆனது.

2022-ல் பாரத் பெட்ரோலியம் சென்னை-திருச்சி-மதுரை நெடுஞ்சாலையில் பத்து பங்குகளில் வேக சார்ஜர் வைத்தபோது இந்தச் சாலையின் முகமே மாறியது. பிறகு மற்றவர்களும் வந்தார்கள். என்றாலும் என் திட்டத்தின் உயிர், நிற்கும் இடங்களில் இல்லை. ஒவ்வொரு இடத்துக்கும் பக்கத்தில் நான் எழுதிவைக்கும் இரண்டாம் இடத்தில் இருக்கிறது. உளுந்தூர்பேட்டையில் இயந்திரம் ஓடவில்லை என்றால் எங்கே போவேன்? திருச்சியில் ஐந்து கார் வரிசையில் நின்றால்? அந்த இரண்டாம் இடம் வரை போகிற அளவு பேட்டரியில் இருந்தால்தான் முதல் இடத்தை நம்பி வண்டியை எடுப்பேன். கடைசி 20 சதவீதம், அதாவது எட்டு யூனிட், ஏறத்தாழ 50 கிலோமீட்டர், எப்போதும் தனி.

என் ஆச்சி ஆடித்தபசுக்கு மாட்டுவண்டியில் சங்கரன்கோவில் போவாள். புளிச்சோற்று மூட்டையைத் தன் மடியிலேயே வைத்திருப்பாள். பிள்ளைகள் அழுதாலும் பாதி வழியில் அவிழ்க்க மாட்டாள். போகிற இடத்தில் அடுப்பு எரியவில்லை என்று கண்ணால் பார்த்த பிறகுதான் அந்த முடிச்சு அவிழும். அந்தக் கடைசி 20 சதவீதம் என் கட்டுச்சோறு.

அக்னி நட்சத்திரத்தில் ஒரு ராத்திரி

இந்த விதி எனக்குப் படித்து வந்ததில்லை, பட்டு வந்தது. 2023 மே மாதம். நானும் வீட்டுக்காரரும் அத்தையும். திருச்சியில் வரிசை, ஒன்றரை மணி நேரம் போய்விட்டது. நேரத்தைப் பிடிக்க, மதுரையில் பேட்டரி 50 சதவீதம் வந்ததுமே கிளம்பிவிட்டோம். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு பங்கில் சார்ஜர் இருப்பதாகச் செயலி பச்சைப் புள்ளி காட்டியது. நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது, பேட்டரியில் 19. இயந்திரத்தின் திரையில் உயிர் இல்லை.

"நாலு நாளா ஓடலைக்கா. ஆள் வந்து பாக்கணும்" என்றான் பங்க் பையன்.

ஊருக்கு இன்னும் 60 கிலோமீட்டருக்கு மேல். மதுரைக்குத் திரும்பினால் 75. கையில் இருப்பதோ 50 கிலோமீட்டர் கூட வராது. பின்சீட்டில் அத்தை வெயிலில் வாடிப்போய்ச் சாய்ந்திருந்தார். "பக்கத்துல எங்கயாவது படுத்துட்டுக் காலையில போகலாம்மா" என்றார். எனக்கு அழுகை வந்தது. கட்டம் போட்டு எழுதுகிறவள் இரண்டாம் இடத்தை எழுத மறந்திருந்தேன்.

ஊருக்குள் ஒரு சின்ன லாட்ஜ். உரிமையாளர் யோசிக்காமல் கீழ்த்தள அறையின் ஏசி பிளக்கைக் காட்டினார். ஜன்னல் வழியாகக் கேபிளை எடுத்து மாட்டினேன். சார்ஜர் பெட்டியில் சிவப்பு விளக்கு. எடுத்து மறுபடி மாட்டினாலும் சிவப்பு. அவர் போன் செய்ததும் எலக்ட்ரீசியன் ஒருவர் மொபெட்டில் வந்தார். அறுபது வயதிருக்கும். பிளக்கைக் கழற்றி, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு, பேசாமல் லாட்ஜின் பின்பக்கம் போனார். நானும் டார்ச் பிடித்துக்கொண்டு போனேன். ஒரு சிமென்ட் மூடியைப் புரட்டினார். உள்ளே பைப்பின் தலை. சுற்றிலும் வெடித்துக் கிடந்த மண்.

"வயரிங்ல ஒண்ணும் இல்லம்மா. எர்த்து காஞ்சு கிடக்கு. அடிக்கிற வெயில் அப்படி. ரெண்டு வாளி தண்ணி கொண்டாரச் சொல்லுங்க."

"தண்ணி ஊத்துனா சரியாயிருமா அண்ணாச்சி?"

"குழிக்குள்ள கரியும் உப்பும் போட்டிருக்கு. ஈரம் இருந்தாத்தான் அது வேலை செய்யும். உங்க வண்டி அதைக் கேக்குது, அவ்வளவுதான்."

இரண்டு வாளி ஊற்றினார். மண் சத்தம்போட்டுக் குடித்தது. கால் மணி நேரம் கழித்து மாட்டினோம். பச்சை.

கார் சார்ஜர் பெட்டி, மின்சாரத்தை உள்ளே விடும் முன் எர்த் சரியாக இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கும். ஏதாவது கசிந்தால் அந்த மின்சாரம் நம் உடம்பு வழியாகப் போகாமல் மண்ணுக்குள் போவதற்கு அதுதான் வழி. ஃபிரிட்ஜும் மிக்ஸியும் இதைக் கேட்பதில்லை, கார் கேட்கிறது. ராத்திரி 9 மணியிலிருந்து காலை 5 மணி வரை 24 யூனிட் எடுத்தது. கொஞ்சம் சூடாக வீணாகும், மீதி பேட்டரிக்கு. காலையில் 70 சதவீதம். உரிமையாளர் கரண்டுக்குக் காசு வேண்டாம் என்றார். யூனிட் கணக்கைச் சொல்லி 300 ரூபாயை மேசையில் வைத்துவிட்டுத்தான் வந்தேன். இலவசமாக எடுத்துக்கொண்டால் அடுத்து வருகிறவருக்கு அந்தக் கதவு திறக்காது.

கிளம்பும் முன்

அன்றிலிருந்து நான் செய்வதைச் சொல்கிறேன். செயலியின் பச்சைப் புள்ளியை மட்டும் நம்புவதில்லை. பிளக்ஷேர் போன்ற செயலிகளில், அந்த இடத்தில் சார்ஜ் போட்டவர்கள் தேதியோடு குறிப்பு எழுதுவார்கள். கடைசிக் குறிப்பு மூன்று நாளுக்குள் இருந்தால் நல்லது. மூன்று மாதம் பழசு என்றால் முதல் நாளே அந்த பங்குக்கு போன் போட்டு, "ஓடுதா தம்பி?" என்று கேட்டுவிடுவேன். இயந்திரத்தின் கன் சி.சி.எஸ்.2 வகைதானா என்றும் பார்க்க வேண்டும். பழைய சார்ஜர்கள் சிலவற்றின் கன் இப்போதைய கார்களுக்குப் பொருந்தாது.

ஒவ்வொரு சார்ஜர் கம்பெனிக்கும் தனிச் செயலி, தனிப் பணப்பை. வழியில் சிக்னல் இல்லாமல் ஓ.டி.பி. வராமல் நின்றிருக்கிறேன். அதனால் வீட்டிலேயே எல்லாவற்றிலும் பதிவு செய்து, கொஞ்சம் பணம் போட்டுவைத்துவிடுவேன். திரை எரிந்தும் இயந்திரம் மறுக்கிறது என்றால், முதலில் அதன் சிவப்பு அவசர நிறுத்தப் பொத்தானைப் பாருங்கள். யாராவது விளையாட்டாக அமுக்கிவிட்டுப் போயிருப்பார்கள். பங்க் ஆட்களிடம் சொல்லிவிட்டு, வலப்பக்கம் திருகினால் அது வெளியே வந்துவிடும். நான் இரண்டு முறை இப்படியே காரியத்தை முடித்திருக்கிறேன்.

லாட்ஜுக்கு முன்கூட்டியே போன் செய்து மூன்று கேள்வி: வண்டி நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் 15 ஆம்ப் பிளக் உண்டா? எர்த் நன்றாக இருக்கிறதா? ராத்திரி முழுக்கப் போட்டுவைக்கலாமா? எக்ஸ்டென்ஷன் பெட்டி வேண்டவே வேண்டாம்; மெல்லிய வயர் மணிக்கணக்கில் இந்தச் சுமையைத் தாங்காமல் உருகிவிடும். மாட்டி அரை மணி கழித்து பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்திவிடுங்கள். இன்னொன்று, பெண்களுக்காகச் சொல்கிறேன். சார்ஜரில் முக்கால் மணி நேரம் நிற்கப்போகிறோம். வெளிச்சமும் சுத்தமான கழிப்பறையும் உள்ள இடத்தைத் தேர்ந்தெடுங்கள். இயந்திரம் கொஞ்சம் மெதுவாக இருந்தாலும் பரவாயில்லை.

மலைக்குப் போவதென்றால் தனிக் கணக்கு. கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேல். ஆட்களோடு 1,750 கிலோ எடையுள்ள காரை 1,800 மீட்டர் உயரத்துக்குத் தூக்க மட்டும் எட்டரை யூனிட் வேண்டும். சாலையில் ஓடும் செலவு இதற்கு மேல். நல்ல செய்தி, இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராகி அதில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும். ஆனால் மேலே பேட்டரியை முழுக்க நிரப்பிவிட்டு இறங்கினால் திரும்பி வருவதை வைக்க இடமிருக்காது. பிரேக்குக்கும் அந்த உதவி கிடைக்காது. மலையில் 80-க்கு மேல் நான் ஏற்றுவதில்லை.

வழிநெடுக ஒரு பிளக்

உலகின் முதல் நெடுந்தூரக் கார் பயணம் என்று சொல்லப்படுவதும் அம்மா வீட்டுக்குப் போனதுதான். 1888 ஆகஸ்டில் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ், இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு, மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸைமுக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேல் ஓட்டிப் போனார். அப்போது பெட்ரோல் பங்க் என்ற ஒன்றே கிடையாது. வீஸ்லோக் என்ற ஊரில் ஒரு மருந்துக்கடையில், துணிக்கறை போக்க விற்கும் திரவத்தை வாங்கி வண்டிக்கு ஊற்றினார். அந்த லாட்ஜின் ஏசி பிளக்கை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மருந்துக்கடை நினைவுக்கு வரும்.

நெடுஞ்சாலையில் 25 கிலோமீட்டருக்கு ஒரு சார்ஜிங் நிலையம் வேண்டும், அதுவும் சாலையின் இரண்டு பக்கமும் வேண்டும் என்று மத்திய மின் அமைச்சகம் 2018 டிசம்பரிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. அந்த அடர்த்தி எல்லாச் சாலைக்கும் வர நாளாகலாம். அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை என்பதுதான் நான் சொல்ல வருவது. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் இன்னும் நிற்கிறது. அந்த ராணி போட்ட சாலைகளையும் கட்டிய சத்திரங்களையும் எங்கள் பக்கம் இன்றும் பேசுவார்கள். அவள் காலத்தில் வழிப்போக்கனுக்கு வேண்டியிருந்தது ஒரு திண்ணையும் ஒரு வாய்ச் சோறும். இன்றைக்கு எங்களுக்கு வேண்டியது ஒரு 15 ஆம்ப் பிளக், அதற்கென்று தனி வயர், நல்ல எர்த். கல்யாண மண்டபம், லாட்ஜ், கோயில் வண்டி நிறுத்துமிடம் எங்கும் சில ஆயிரம் ரூபாயில் அதை அமைத்துவிடலாம். யூனிட் கணக்குப் பார்த்துக் காசு வாங்கிக்கொள்ளட்டும்; தாராளமாகக் கொடுப்போம். வேக சார்ஜர் ஒன்று பழுதானால் ராத்திரி தங்கிப் போக நூறு இடம் இருக்கிறது என்ற நிலை வந்தால், எத்தனையோ குடும்பங்கள் பயமில்லாமல் கிளம்பும்.

அந்த மே மாதம் ஊர் போய்ச் சேர்ந்ததும் அம்மா வீட்டில் செய்த முதல் வேலை அதுதான். முற்றத்தில் தனி பிளக், கொல்லையில் கறிவேப்பிலை மரத்தடியில் எர்த் குழி. லாட்ஜில் நடந்ததை அம்மாவிடம் சொன்னேன். கரி, உப்பு, ஈரம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "பானை மண்ணு மாதிரிதான். காயவிடக் கூடாது" என்று மட்டும் சொன்னாள்.

இப்போது ஊருக்குக் கிளம்பும் முந்தின ராத்திரி, நான் நோட்டில் இரண்டாம் இடங்களை எழுதி முடிக்கும் நேரத்துக்கு அம்மாவின் போன் வரும். எத்தனை மணிக்குக் கிளம்புகிறாய் என்று கேட்கிற பழக்கத்தை விட்டுவிட்டாள்.

"ஏட்டி, எர்த்துக்குத் தண்ணி ஊத்திட்டேன். நீ நிதானமா வா."